சடையன் வூட்டுச் சாமச் சோறு

அருள்மொழியின் போன் வந்தபோது காசிநாதன் ஒரு நகைக்கடைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஷேக் மைதீன் பாயின் செருப்புக்கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோவில் கட்டி ஊர் சுற்றும் பாட்டு, மஞ்சள் நீராட்டுப் பாட்டு, தேர்தல் வந்தால் எந்தக் கட்சி கேட்டாலும் அந்தக் கட்சிக்குப் பாட்டு. அறுபத்திரண்டு வயதிலும் வேலைக்குக் குறைவில்லை. தனிநாடு கேட்டுப் பாட்டுப் போட்ட கை இது என்பது மைதீன் பாய்க்கே தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

"காசி, கல்லு ரெடியாயிடுச்சுய்யா. ஞாயித்துக்கெழம நடறோம்" என்றார் அருள்மொழி.

அருள்மொழி என்பது இயக்கத்தில் வைத்துக்கொண்ட பெயர். ஒரு காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் போலீஸ்காரர்களுக்குத் தூக்கம் கெட்டுப்போகும். இப்போது அவர் தியாகதுருகத்தில் சொட்டுநீர்க் குழாய் விற்கிறார். எந்தக் குரலில் தனிநாடு கேட்டாரோ அதே குரலில் விவசாயிகளுக்கு மானியம் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறார். நாடு கிடைக்கவில்லை, மானியம் கிடைக்கிறது.

கல் என்பது நினைவுக்கல். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்வராயன் மலையில் வேங்கைக்காடு என்ற சிற்றூரில் போலீஸ் சுட்டு மூன்று தோழர்கள் செத்தார்கள். பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, பெரிய விளம்பரம் இல்லாமல், அந்த இடத்திலேயே கல் நடப்போகிறார்கள்.

"எழுத்து எப்பிடி வந்துக்குதுன்னு கேளு" என்று அருள்மொழி படித்தார். "'தாய்மண் விடுதலைக்குப் போராடித் துரோகத்தால் வீழ்ந்த தோழர்கள்.' அதுக்குக் கீழ மூணு பேரு. அதுக்கும் கீழ நம்ம பாட்டுல மொத ரெண்டு வரி."

காசிநாதன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"தோழர், அந்தத் துரோகத்தால்ன்றது வேணுமா?"

"ஏன்?"

ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் முப்பத்திரண்டு வருஷமாக அவர் தொண்டையில் இருக்கிறது. வந்தது வேறொன்று. "இல்ல, கொஞ்சம் நீளமா இருக்குது. சந்தம் ஒக்காரல."

"கல்லுக்கு எதுக்குய்யா சந்தம்? சின்னசேலத்துல வெட்டி முடிச்சு வண்டியில ஏத்தியாச்சு. நீ பாட்ட பென்டிரைவ்ல போட்டுக்கினு வந்துடு."

"எந்த எடத்துல நடறீங்க?"

"அதே கடுக்கா மரத்தடிதான்."

"அங்க சடையன் சம்சாரம் இருக்குதே. அவங்க வூட்டு வாசலாச்சே அது."

"இருந்தா இருக்கட்டும். நாம இன்னா வூட்டுக்குள்ளயா நடறோம்?" என்று சொல்லிவிட்டு அருள்மொழி வைத்துவிட்டார்.

அன்று நகைக்கடைப் பாட்டு முடியவில்லை. காசிநாதனுக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்ற இசையமைப்பாளர்கள் மெட்டுப் போடும்போது, பாட்டு எழுதுகிறவருக்கு அளவு தெரிவதற்காக, வாய்க்கு வந்த டம்மி வார்த்தைகளைப் போட்டுப் பாடுவார்கள். 'வாடி என் செல்லம், வாழைப்பழம் தின்னலாம்' என்று ஏதாவது. எழுதுகிறவர் அதை எடுத்துவிட்டு நல்ல வார்த்தையை வைப்பார். காசிநாதன் மட்டும் டம்மிக்கு ஒரு சொல்கூடப் போடமாட்டார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணித்தான் பாடிக் காட்டுவார். "எங்கூட்டுக்காரரு பாட்டுப் போடறாரா, வாய்ப்பாடு சொல்றாரான்னு தெரியல" என்று அவர் மனைவி ஜெயம்மாள் சிரிப்பாள். அவரும் கூடச் சிரித்துவைப்பார். ஏன் என்று அவளுக்குச் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலையிலேயே, பாட்டுக்காரராக அல்லாமல் தனி ஆளாக, அவர் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டார். கல் மண்ணில் இறங்குவதற்கு முன்னால் சடையன் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பெண் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். வெறுங்கையோடு போகக் கூச்சமாயிருந்ததால் மார்க்கெட்டில் நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். அந்த வீட்டில் சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்ட நாக்கு அதை மறக்கவில்லை. நாக்குக்கு ஏது வெட்கம்.

கோமுகி அணை தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வயதுக் காசிநாதன் உள்ளே எழுந்து உட்கார்ந்தான். அந்தக் காசிநாதனை 'அவர்' என்று சொல்ல மனம் வரவில்லை. அவன் என்றே சொல்லலாம்.

அப்போது அவன் மெல்லிசைக் குழுவை விட்டுவிட்டு இயக்கத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. புல்புல்தாரா வாசிப்பான். துப்பாக்கி செய்யாததைப் பாட்டு செய்யும் என்று அருள்மொழி அவனை ஏற்றிவிட்டிருந்தார், அவனும் நம்பினான். தொண்ணூற்றிரண்டு மாசி மாதம் ஆறு பேர் வேங்கைக்காட்டில் சடையன் வீட்டில் தங்கினார்கள். சடையனுக்கு இயக்கமும் தெரியாது, தனிநாடும் தெரியாது. வனத்துறைக்காரர்கள் அவனுடைய உழவு நிலத்தைப் பிடுங்க வந்தபோது இந்தப் பையன்கள் அவன் பக்கம் நின்றார்கள், அந்த நன்றிக்குச் சோறு போட்டான். அவன் மனைவி சாலம்மாள் தினமும் ஆறு பேருக்கும் சேர்த்துச் சாமை குத்தினாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை மலர்விழி.

அங்கே கடுக்காய் மரத்தடியில் உட்கார்ந்துதான் அந்த மெட்டைப் போட்டான். பாட்டு எழுதுகிறவர் கீழே தியாகதுருகத்தில் இருந்தார். தமிழழகன், பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு ஒரு கோளாறு. "வெறும் தன்னானே போட்டு அனுப்புனா எனக்குப் பேனா நகராது காசி. ஏதாவது சொல்லப் போட்டு அனுப்பு" என்பார். காசிநாதன் சுற்றுமுற்றும் பார்த்தான். எதிரில் என்ன இருந்ததோ அதைப் போட்டான். பாட்டரி டேப்ரெக்கார்டரில் அவன் பாடி, தமிழழகனுக்குப் போய்ச் சேர்ந்தது இதுதான்:

சடையன் வூட்டுச் சாமச் சோறு
கடுக்கா மரத்தடி ஆறு பேரு
கெழக்க ஓட மேக்க பாற
கேட்டா சொல்லு வேங்கக்காடு

பாடி முடித்ததும் தோழர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அருள்மொழியே சிரித்தார். தலைமறைவாக இருக்கிறவர்கள் விலாசத்தைப் பாட்டாகப் பாடி ஊருக்கு அனுப்புகிறோம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. டம்மிதானே. டம்மி வார்த்தை யார் காதிலும் வார்த்தையாக விழுவதில்லை, அது அளவுக்கு வைத்த கல். சங்கீதக்காரன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் இது.

தமிழழகன் அதே அளவில் எழுதிவிட்டார். 'தடையின் பூட்டைத் தூளாய் ஆக்கு, நடுக்கம் தொலைத்திடு நாடு மீளும்.' இன்றைக்கும் பழைய ஆட்களின் கூட்டங்களில் அதைப் போட்டால் கிழவர்கள் எழுந்து நிற்கிறார்கள். ஆனால் எழுதி முடித்த மறுநாளே அவர் வீட்டைப் போலீஸ் சோதனை போட்டு, இருந்த பதினாலு கேசட்டையும் அள்ளிக்கொண்டு போனது.

இரண்டு நாள் கழித்து வேங்கைக்காட்டைச் சுற்றி வளைத்தார்கள். மூன்று பேர் அங்கேயே செத்தார்கள். அருள்மொழியும் இன்னொருவரும் ஓடை வழியாகத் தப்பினார்கள். காசிநாதன் அன்று அங்கே இல்லை. பல்வலி தாங்காமல் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு இருந்தான். சேதி கேட்டு சின்னசேலம் ரயில் ஸ்டேஷனில் தமிழழகனைப் போய்ப் பார்த்தான்.

"உன் கேசட்டும் அதுல இருந்துச்சு காசி. அழிக்கணும்னுதான் இருந்தேன்" என்றார் அவர்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாசஞ்சர் வந்தது. தமிழழகன் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு சாகிறவரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போலீஸ் சடையனைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டே நாளில் விட்டுவிட்டது. அடிகூட இல்லை. அருள்மொழிக்கு அதுவே போதுமானதாயிருந்தது. காட்டிக்கொடுத்தவன் சடையன்தான் என்று முடிவு செய்து, பத்து நாள் கழித்து, ஒரு முற்பகலில், ஊருக்குக் கீழே ஓடைக்கரையில் அவனைக் கையைக் கட்டி நிறுத்தினார். அன்று அங்கே நின்ற மூன்று பேரில் காசிநாதனும் ஒருவன்.

சாலம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் காலில் விழவில்லை, கெஞ்சவில்லை. "அவரு இல்ல. நாந்தான். சந்தையில நாந்தான் வாய உட்டுட்டேன். என்னச் சுடுங்க" என்றாள். குழந்தையை மண்ணில் இறக்கிவிட்டுப் புருஷனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"புருஷனக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்ற. போம்மா" என்றார் அருள்மொழி.

காசிநாதனும் அப்படித்தான் நினைத்தான். என்ன மாதிரிப் பெண், செய்யாத குற்றத்தைத் தலையில் போட்டுக்கொள்கிறாளே என்று நினைத்தான். செய்தவன் அவளுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அருள்மொழி அவன் பக்கம் திரும்பி, "தோழர், நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார். கேசட் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் சடையன் நின்ற இடத்தில் தான் நிற்க வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தலையை மேலும் கீழும் ஆட்டினான். பல் பிடுங்கிய வீக்கம், வாய் திறக்க முடியவில்லை என்று பிற்பாடு பல வருஷம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். வீக்கம் வடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது என்பதும் அவனுக்கே தெரியும்.

ஆறு மாதம் கழித்து அவன் பிடிபட்டபோது இன்ஸ்பெக்டர் அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினார். "நாங்க தேடவே இல்லய்யா. நீயே வழி சொல்லிட்ட. நல்ல கொரலு" என்றார். ஆறு வருஷம் சிறை. பாடியதற்கு ஆறு வருஷம் கிடைத்தது, ஓடைக்கரையில் பேசாமல் இருந்ததற்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவருக்கு எப்போதும் தோன்றும்.

வெள்ளிமலையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வேங்கைக்காடு போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. ஊர் மாறியிருந்தது. சிமென்ட் ரோடு, மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் மினி லாரிகள், செல்போன் டவர். மரத்தடியில் பள்ளம் தோண்டி, மணலும் ஜல்லியும் கொட்டி வைத்திருந்தார்கள். கல் மறுநாள் வரும். பள்ளத்துக்கு நேர் எதிரே இருபது அடியில் சடையன் வீடு, இப்போது தகரக் கூரை போட்டு.

மரவள்ளிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த கிழவி நிமிர்ந்து பார்த்தாள். நன்றாகப் பார்த்துவிட்டு, "டொய்ங் டொய்ங் தம்பியா நீ?" என்றாள்.

புல்புல்தாராவுக்கு அவள் வைத்த பெயர் அது. காசிநாதன் "ஆமாக்கா" என்று சொல்லி, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இளச்சிப்புட்டியே தம்பி. சக்கரையா?" என்று கேட்டு, உள்ளே பார்த்து, "மலரு, தண்ணி எடுத்தா" என்றாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற மலர்விழிக்கு அன்று விடுமுறை. முப்பத்தைந்து வயதுப் பெண். சொம்பைக் கொண்டுவந்து வைத்தவள் அவரை யாரென்று கேட்கவில்லை. கல் நடுகிற கூட்டத்து ஆள் என்று பார்த்தவுடனே தெரிந்துகொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அவ அப்பிடித்தான் தம்பி, மனசுல வச்சிக்காத" என்றாள் சாலம்மாள். "ஊர்த் திருவிழாவுக்கு எங்க வூட்டுல மட்டும் வரி வாங்கறதில்ல. காட்டிக்குடுத்த வூட்டு வரி சாமிக்கு ஆவாதாம். அவளக் கட்டுனவன் அத சொல்லிக்காட்டியே வுட்டுட்டுப் போயிட்டான். இப்ப வாசல்லியே கல்லு வேற வருது. அவளுக்குப் பொறுக்குமா?"

இவ்வளவையும் குறையாகச் சொல்லவில்லை, நிலவரம் சொல்வதைப்போலச் சொன்னாள். காசிநாதன் என்ன செய்வதென்று தெரியாமல் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். வாசனை பட்டதும் கிழவி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, வாணாம் தம்பி. நான் கருவாடு தொடறதில்ல."

"உடம்புக்கு ஆவாதாக்கா?"

"உடம்புக்கு இன்னா." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கி ஓடையில சொன்னேனே, நீங்க யாரும் நம்பல. சந்தைக்குப் போனப்போ கருவாடு ரெண்டு பங்கு வாங்குனேன். கடக்காரன், இன்னாம்மா விருந்தா, ஆளுங்க வந்துக்குறாங்களான்னு கேட்டான். ஆமாண்ணா ஆறு பேருன்னு சொல்லிப்புட்டேன். பெருமையாத்தான் சொன்னேன். நம்ம வூட்டுக்கு யாரு வர்றா? அந்தச் சந்தை முடிஞ்சி நாலாம் நாளு போலீசு வந்துச்சி. மூணு புள்ளைங்க செத்துச்சிங்க. அப்புறம் அவரு. நாலு உசுரு. எல்லாம் இந்த வாயால."

காசிநாதன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவள் பொய் சொல்லவில்லை. புருஷனைக் காப்பாற்ற நடிக்கவில்லை. நம்பிச் சொன்னாள். இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். முப்பத்திரண்டு வருஷம் சந்தைப் பக்கம் போகாமல், கருவாடு தொடாமல், காட்டிக்கொடுத்தவன் மனைவி என்று ஊர் பேசியதைக்கூடப் புருஷனுக்குப் பதில் தான் வாங்க வேண்டிய அடி என்று பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர் செய்த பாவம் ஒன்று என்று எண்ணிக்கொண்டுதான் மலை ஏறி வந்திருந்தார். இங்கே வந்து பார்த்தால் இரண்டாகிவிட்டது.

"இவகிட்டகூட சொன்னதில்ல தம்பி" என்று குரலைத் தாழ்த்தினாள். "அப்பன் செய்யலன்னு மட்டும் சொல்லுவேன். யார் செஞ்சதுன்னு கேப்பா. வாய் வராது."

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், காசிநாதனுக்குள் அந்தப் பழையவன் எழுந்து பேசினான். இவளே தன்மேல் போட்டுக்கொண்டாயிற்று, வயதும் ஆகிவிட்டது, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பு, எதற்கு நீயாகப் போய்த் தலையைக் கொடுக்கிறாய் என்றான். அவனைக் கேட்டு ஒரு முறை தலையாட்டியது போதாதா? காசிநாதனுக்கு அவன்மேல் அருவருப்பாக வந்தது.

"அக்கா, அது நீங்க இல்ல. நான்" என்றார்.

சாலம்மாளுக்குப் புரியவில்லை. அவர் கேசட்டைப் பற்றிச் சொன்னார். வாத்தியார் வீட்டுச் சோதனையைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொன்னார். ஓடைக்கரையில் நிற்கும்போதே தனக்குத் தெரியும் என்பதையும், தெரிந்தே தலையாட்டியதையும், தலையைக் குனிந்தபடி ஒன்று விடாமல் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கிழவி அவர் தோளைத் தட்டினாள்.

"எம்மனசு ஆறணும்னு சொல்ற. நல்ல புள்ள."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று இவள் உண்மை என்று நினைத்துச் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. இன்று அவர் சொல்கிற உண்மையை இவள் நம்பமாட்டேன் என்கிறாள். "இல்லக்கா, சத்தியமா" என்றார். "எந்தச் சத்தியத்த நம்பறது? சந்தையில சொன்ன வாய் என்னுதுதான தம்பி" என்றாள்.

வேறு வழி தெரியவில்லை. காசிநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாடத் தொடங்கினார். குரல் உடைந்து போயிருந்தது, ஆனால் சுருதி விலகவில்லை. இத்தனை வருஷமாக எந்த மெட்டுக்கும் ஒரு சொல்கூடப் போடாத வாயில், ஒரு எழுத்துக்கூட மறக்காமல் அது வந்தது. சடையன் வூட்டுச் சாமச் சோறு. கடுக்கா மரத்தடி ஆறு பேரு. கெழக்க ஓட மேக்க பாற. கேட்டா சொல்லு வேங்கக்காடு.

அப்பா பெயரைக் கேட்டு மலர்விழி வாசலுக்கு வந்து நின்றாள். சாலம்மாள் கிழக்கே ஓடையைப் பார்த்தாள். மேற்கே பாறையைப் பார்த்தாள். தோண்டி வைத்த பள்ளத்துக்கு மேலே நின்ற மரத்தைப் பார்த்தாள்.

"இதயா போலீசு கேட்டுச்சி?"

"ஆமாக்கா."

"பேரோட, ஊரோட, எல்லாத்தையும்?"

"ஆமாக்கா."

"அப்போ, அந்தக் கருவாட்டுக்காரன்கிட்ட நான் சொன்னது..."

"அத யாரும் கேக்கவே இல்லக்கா. அது சும்மா சந்தையில பேசுன பேச்சு."

கிழவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நான் இல்லியா? மலரு, நான் இல்லியாம்டி" என்றாள். வாயிலிருந்து கையை எடுக்காமலே மறுபடியும் சொன்னாள். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்த காசிநாதனுக்கு அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கமுடியவில்லை. அது அடியைவிட மோசமாக இருந்தது.

அடி மலர்விழியிடமிருந்து வந்தது. அவள் கை ஓங்கவில்லை. "எங்கம்மா கொழந்தையோட வந்து என்னச் சுடுன்னு நின்னப்போ நீங்க அங்க நின்னுக்கினு இருந்தீங்க, இல்ல?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"அந்தக் கொழந்த நாந்தான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழுவாதீங்க. இங்க வந்து நீங்க அழுவறதுக்கு எங்களுக்கு நேரமில்ல. போன எடுங்க. அந்தக் கல்லுக்காரருக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

காசிநாதன் போட்டார். அருள்மொழி எடுத்ததும், "தோழர், சடையன் காட்டிக்குடுக்கல. என் கேசட்டால போலீசு வந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். முப்பத்திரண்டு வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது, சொல்லி முடிக்க அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

மறுமுனையில் யாரோ குழாய் கேட்டு வந்த சத்தம் கேட்டது.

"இப்ப எதுக்குய்யா இத கெளப்புற?" என்றது அருள்மொழியின் குரல். "கல்லு வெட்டியாச்சு காசி."

"திரும்ப வெட்டுங்க தோழர். துரோகத்தால்ன்றத எடுங்க. எடுக்க முடியாதுன்னா பக்கத்துல என் பேர வெட்டுங்க. நாளைக்கு ஊர்க்காரங்க முன்னாடி நான் சொல்லத்தான் போறேன்."

"சொல்லிட்டு? சுட்டது நான்யா. நீ சொல்லிட்டு பஸ் ஏறிடுவ. நான் இன்னா பண்றது?"

அந்தக் குரலில் அதுவரை காசிநாதன் கேட்டிராத நடுக்கம் இருந்தது. அதற்குள் சாலம்மாள் எழுந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே ஏந்திக்கொண்டாள்.

"ஏப்பா, நாந்தான் வாய உட்டேன்னு அன்னிக்கி ஓடையில உங்கிட்ட சொன்னேனே. பொய் சொல்றேன்னு சொன்னியே. நீ சொன்னதுதான் சரிப்பா. நான் இல்லியாம்."

"யாரும்மா பேசறது?" என்றது போன்.

"சடையன் பொண்டாட்டிப்பா" என்றாள் அவள்.